அறுபது மணி நேரம்

அந்தக் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிவிட்டது. ஒன்பது நாளாக அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கடிதம் சின்னதுதான். மனநல சிகிச்சையாளர்களைப் பதிவு செய்யும் கவுன்சில் அனுப்பியிருந்தது. உங்கள் மையத்தில் யார் யார் உட்கார்ந்து சிகிச்சை தருகிறார்கள், என்ன படித்தார்கள், எங்கே தொழில் பழகினார்கள், யாருடைய மேற்பார்வையில் எத்தனை மணி நேரம் பயிற்சி எடுத்தார்கள், எல்லாவற்றுக்கும் அசல் பதிவேட்டோடு தயாராக இருங்கள். சரிபார்ப்பு அதிகாரி நேரில் வருவார்.

அந்த நாள் இன்று. நேரம், மாலை நான்கு.

கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது அவர்களுடைய ஆலோசனை மையம். மூன்று அறை, ஒரு காத்திருப்புக் கூடம். உள்ளே பேசுவது வெளியே கேட்காமலிருக்க ஒவ்வொரு கதவருகிலும் மழை பெய்வதுபோல் இரைகிற ஒரு சின்னப் பெட்டி. பத்தொன்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருப்பவள் அக்கா. நிர்வாகம் அவள் தம்பி. தம்பி மனைவி சிட்டு, ஒன்றரை வருஷமாக அக்காவின் கீழ் பயிற்சியில் இருக்கிறாள். வரவேற்பு மேஜை அம்மாள் முதல் கீழே கண்ணாடிக் கடைக்காரர் வரை எல்லாருக்கும் அவள் அக்காதான். கடைக்காரர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர் என்பது வேறு விஷயம்.

காலை ஒன்பதரைக்கே வந்து, தன் அறையில் இருந்த இரண்டு நாற்காலிகளை நாலு தடவை இடம் மாற்றிப் போட்டுவிட்டாள் அக்கா. ஐந்தாவது தடவை முதலில் இருந்த இடத்துக்கே கொண்டுவந்தாள். அப்போது தொலைபேசி அடித்தது.

"டாக்டர் இருக்காங்களா?"

"டாக்டர் இல்லீங்க. நான் மருந்து எழுதுறவ இல்ல. உக்காந்து பேசுறவ."

"பேசுறதுக்கா அப்பாயின்ட்மென்ட் வாங்கணும்?"

"கேக்குறதுக்கும்தாங்க," என்று சொல்லி, தேதி கொடுத்துவிட்டு வைத்தாள். தினமும் வருகிற கேள்விதான். தினமும் சிரிப்பாள். இன்று சிரிப்பு வரவில்லை.

தம்பி உள்ளே வந்தான். கையில் ஒரு தாள். அதை மேஜையில் வைத்து, பறந்துவிடுமோ என்பதுபோல் அதன்மேல் பேனாவையும் வைத்தான்.

"அக்கா, ஒரே ஒரு கையெழுத்து."

எடுத்துப் பார்த்தாள். சிட்டுவின் மேற்பார்வைச் சான்று. 'ஐநூறு மணி நேரம் முடித்துள்ளார்' என்று அச்சாகியிருந்தது.

"முன்னூத்தி நாப்பதுதானேடா ஆச்சு?"

"வீட்டுல, கார்ல, சாப்பிடுறப்பன்னு ரெண்டு பேரும் எப்பப் பாரு கேஸ் பத்தித்தானே பேசுறீங்க? அதையெல்லாம் சேர்த்தா ஐநூறு எப்பவோ தாண்டியிருக்கும்."

"சாப்பிடுறப்ப பேசுறது மேற்பார்வையா?"

"உனக்கு எல்லாம் சட்டம்." நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ஐநூறு முடிக்காதவங்க தனியா யாரையும் பார்க்கக் கூடாது, மேற்பார்வையாளர் கூடவே உக்காரணும்னு புது விதி. சிட்டுகிட்ட பதினாலு பேர் வர்றாங்க. நீ உன் ஆளுங்களைப் பார்ப்பியா, அவ பக்கத்துல உக்காருவியா? பதினாலு பேரையும் பாதியில விடணும். இன்னிக்கு ஆறு மணிக்கு அந்த பஸ் டிரைவர் வர்றார். விபத்துல ஒரு ஆள் அடிபட்டதுலேர்ந்து நாலு மாசம் வண்டியைத் தொடாத மனுஷன். நாளைக்குக் காலையில முதல் டிரிப் எடுக்கப் போறார். அவர்கிட்ட போய், 'எங்க ஆளுக்கு மணி பத்தல, நீங்க வீட்டுக்குப் போங்க'ன்னு நீ சொல்லுவியா?"

அக்கா பேனாவை எடுத்துத் தள்ளி வைத்தாள். தம்பி கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் தொல்லை. அநியாயமாகக் கேட்டிருந்தால் விரட்டிவிட்டிருப்பாள்.

"சிட்டு கேட்டாளா இதை?"

"அவ எங்க கேப்பா? நாலு நாளா வாயே திறக்கல."

அவன் போனபிறகு அந்தத் தாளை இழுப்பறைக்குள் தள்ளி மூடினாள். மூடியபின்னும் அது மேஜைமேல் இருப்பது போலவே இருந்தது.

*

பதினொரு மணிக்கு வருபவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. கணவர் இறந்த பிறகு தூக்கம் வராதவர். ஏழு மாதமாக வருகிறார். வந்து உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்.

இன்றைக்கும் பேசினார். அக்கா தலையசைத்தாள். 'ம்' கொட்டினாள். வருகிறவர் பார்வையில் படாமல், அவர் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்த கடிகாரத்தில் நிமிஷ முள் நகர்ந்துகொண்டிருந்தது.

நடுவில் ஆசிரியை நிறுத்தினார்.

"நீங்க இன்னிக்கு இங்க இல்லையே?"

அக்காவுக்குக் காது சுட்டது. பத்தொன்பது வருஷத்தில் அவளிடம் யாரும் சொல்லாத வார்த்தை.

"ஆமாம்," என்றாள். "மன்னிச்சுடுங்க. கடைசியா நீங்க சொன்னதை நான் தவற விட்டுட்டேன். திரும்பச் சொல்றீங்களா?"

"பரவாயில்ல. என் வகுப்புலயும் இப்படித்தான் ஒருத்தி. தலை மட்டும் ஆடும்." ஆசிரியை சிரித்தார். சிரித்துவிட்டுத் திரும்பச் சொன்னார். இந்தத் தடவை அக்கா கேட்டாள். ஆனால் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போன மறுநொடியே மனசு பழையபடி இழுப்பறைக்குப் போய்விட்டது.

இழுப்பறைக்குக்கூட இல்லை. அதையும் தாண்டி, கோப்பு அறையின் இரும்பு அலமாரிக்கு. மேல் தட்டில், நீல அட்டை போட்ட அவளுடைய சொந்தப் பதிவேட்டுக்கு.

*

சிட்டு கோப்பு அறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் கோப்புகள். அதிகாரி கேட்கும் வரிசையில் அடுக்குவது அவள் வேலை. அக்காதான் அந்த வேலையைக் கொடுத்திருந்தாள். வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றியது.

சிட்டுவுக்கு முப்பத்தாறு வயது. அவள் நேராக இந்தத் தொழிலுக்கு வந்தவள் இல்லை. எட்டு வருஷம் ஒரு அழைப்பு மையத்தில், வாடிக்கையாளர்களின் குறைகேட்கும் பிரிவில் இருந்தாள். 'உங்க மிஷின் ஓடல' என்று கத்த ஆரம்பித்து, 'என் பையன் பேசுறதே இல்லம்மா' என்று அழுதபடி முடிக்கிறவர்களை அங்கேதான் முதலில் கேட்டாள். அப்புறம்தான் தபால் வழியில் உளவியல் முதுகலை, அதற்கு மேல் சிகிச்சைப் பயிற்சி. காத்திருப்புக் கூடத்தில் தம்பி மாட்டியிருந்த பலகையில் அவள் படத்துக்குக் கீழே, 'உளவியல் நிபுணர், எட்டு ஆண்டு அனுபவம்' என்று இருந்தது. அந்த எட்டு இந்த எட்டுதான். சிட்டு கேட்டபோது, "எட்டு வருஷமா ஜனங்க அழுறதைக் கேட்டவதானே நீ? அது அனுபவம் இல்லாம வேற என்ன?" என்று தம்பி வாயை அடைத்துவிட்டான்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள் அக்கா.

"பசிக்கல அண்ணி. உக்காருங்க."

உட்கார வேறு இடமில்லை. அக்காவும் தரையில் உட்கார்ந்தாள். சிட்டுவின் மடியில் நீலப் பதிவேடு திறந்திருந்தது.

"அண்ணி, ஒண்ணு கேக்கலாமா? கோவிச்சுக்காதீங்க."

"கேளு."

"அத்தைக்கு இதய ஆபரேஷன் ஆனப்ப நீங்க ஆறு வாரம் ஆஸ்பத்திரியை விட்டு நகரவே இல்லன்னு அவரு அடிக்கடி சொல்வாரு. பத்தொன்பது வருஷம் முன்னாடி, மழைக்காலத்துல." பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். "அந்த ஆறு வாரமும் இதுல வாரத்துக்குப் பத்து மணி நேரம்னு பயிற்சி எழுதியிருக்கு. கையெழுத்தும் இருக்கு."

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். ஒன்பது நாளாக அக்கா பயந்தது அதிகாரிக்கு. கடைசியில் கனத்தைக் கண்டுபிடித்தது தம்பி பெண்டாட்டி.

"பொய்தான்," என்றாள் அக்கா.

எவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிட்டது! அவளுக்கே ஆச்சரியம்.

"எனக்கு அப்ப நானூத்தி நாப்பது மணி முடிஞ்சிருந்துது. அறுபது பாக்கி. என் மேற்பார்வையாளருக்கு வெளிநாட்டுல வேலை கிடைச்சு, அந்த வாரம் கிளம்பிட்டிருந்தார். அம்மா ஐ.சி.யூ.ல. அவரே ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்து, 'உனக்கு இந்த அறுபது தேவையே இல்லம்மா, நீ நல்லாத்தான் பண்ற'ன்னு சொல்லி, எல்லாப் பக்கத்துலயும் போட்டுக் குடுத்துட்டார். நான் வாங்கிக்கிட்டேன். அன்னிக்கு வேற யோசனையே ஓடல."

"அப்புறம்?"

"அப்புறம் நிறைய ஓடிச்சு. ஒவ்வொரு கேஸ் சரியா வராதப்பவும், 'அந்த அறுபதுல இதை நான் கத்துக்கிட்டிருப்பேனோ'ன்னு தோணும். ஒருத்தர் பாதியில நின்னுட்டாக்கூட அந்த அறுபதுதான் ஞாபகம் வரும். முடிச்சிருந்தா அது வெறும் அறுபது மணி நேரம். முடிக்காததால அது முடியவே மாட்டேங்குது."

சிட்டு பதிவேட்டை மூடினாள். அவசரப்படாமல் மூடினாள்.

"அவரு கொண்டுவந்த தாள்ல நீங்க கையெழுத்துப் போடலைன்னு தெரியும். போட்டிருந்தாலும் நான் அதை வைக்கிறதா இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போட்டிருந்தா காலையிலயே அவரு விசில் அடிச்சிருப்பாரு."

இரண்டு பேரும் ஒரு கணம் சிரித்தார்கள். சிட்டுதான் முதலில் நிறுத்தினாள்.

"அண்ணி, அதிகாரிகிட்ட இதை நீங்க சொன்னா, உங்க பதிவை நிறுத்துவாங்க. உங்க பதிவு நின்னா, நீங்க எனக்குப் போட்ட கையெழுத்தும் நிக்கும். என் முன்னூத்தி நாப்பதும் போகும்."

"தெரியும். ஒன்பது நாளா அதையும்தான் நினைச்சுட்டிருக்கேன்."

"சொல்லுங்கன்னும் நான் சொல்லல. சொல்லாதீங்கன்னும் சொல்லல." சிட்டு எழுந்து கோப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டாள். "வாசல்ல தயங்கி நிக்கிறவங்களைப் பிடிச்சு உள்ள தள்ளக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

*

அதிகாரி சரியாக நாலு மணிக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. கயிறு கோத்த கண்ணாடி, பையில் இரண்டு பேனா. காத்திருப்புக் கூடத்துப் பலகை முன்னால் நின்று மூன்று நிமிஷம் படித்தார்.

"'நிபுணர்'னு யார் போட்டது?"

"நான்தாங்க," என்றான் தம்பி. "ஒரு மரியாதைக்கு..."

"மரியாதைக்குப் போடற வார்த்தை இல்லையே சார் அது. இவங்க பயிற்சியில இருக்கிறவங்க. அதைத்தான் போடணும். எட்டு ஆண்டு எங்க பண்ணாங்க?"

தம்பி சிட்டுவைப் பார்த்தான். சிட்டு, "அழைப்பு மையத்துல மேடம்," என்றாள்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். எழுதிக்கொண்டார். 'பலகை இன்றே இறக்கப்பட வேண்டும்' என்று தலைகீழாகப் படித்தபோது தம்பியின் முகம் சுருங்கிப்போயிற்று.

அக்காவின் அறைக்குள் வந்து, வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார் அதிகாரி. அவர் தெரிந்து செய்யவில்லை. சிட்டு சுவரோரமாக நின்றாள். தம்பி கதவோரம்.

முதலில் சிட்டுவின் பதிவேடு. பக்கம் பக்கமாகப் பார்த்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"எல்லாம் அம்பது நிமிஷம்னு இருக்கு. இது ஒண்ணு மட்டும் ஏன் நாப்பத்தெட்டு?"

"நடுவுல எனக்கு ஒரு ஃபோன் வந்துச்சு மேடம். எடுத்துட்டேன். அந்த ரெண்டு நிமிஷத்தைக் கழிச்சுட்டேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு சிட்டுவை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். முதன்முறையாக அவர் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"முன்னூத்தி நாப்பது. இன்னும் நூத்தி அறுபது பாக்கி. அதுவரைக்கும் இவங்க கூட உக்காந்துதான் பார்க்கணும். சரிதானே?" என்று அக்காவிடம் கேட்டுவிட்டு, நீலப் பதிவேட்டை இழுத்துக்கொண்டார். "உங்களுது சும்மா ஒரு சடங்குதான். பத்தொன்பது வருஷம் ஆச்சே. பட்டம் இருக்கு, பயிற்சி இருக்கு." பக்கங்களைக் கட்டைவிரலால் விர்ரென்று புரட்டினார். கடைசிப் பக்கத்தில் நிறுத்தி, முத்திரையை எடுத்து மைப்பெட்டியில் ஒற்றினார்.

நாற்பத்தெட்டு நிமிஷம்! இரண்டு நிமிஷத்தைக்கூடத் திருடத் தெரியாத ஒருத்தி சுவரோரம் நிற்கிறாள். அவளுக்கு மேற்பார்வையாளர் அக்கா.

"ஒரு நிமிஷம் மேடம்."

முத்திரை அந்தரத்தில் நின்றது.

"அதுல அறுபது மணி நேரம் நான் பண்ணாதது."

"அக்கா!" என்றான் தம்பி.

அதிகாரி முத்திரையைக் கீழே வைத்தார். கதவருகில் மழைப்பெட்டி இரைந்துகொண்டிருந்தது.

"இதைக் கேட்டுட்டா நான் எழுதணும். எழுதினா அழிக்க முடியாது. வேணும்னா யோசிச்சுட்டு நாளைக்குச் சொல்றீங்களா?"

"பத்தொன்பது வருஷமா யோசிச்சாச்சு மேடம்."

சொன்னாள். சிட்டுவிடம் சொன்னதையே, கூட்டாமல் குறைக்காமல். அதிகாரி எழுதினார். ஒரு பேனா நடுவில் தீர்ந்துபோய் இரண்டாவதை எடுத்தார். அக்கா கையெழுத்துப் போட்டாள்.

"விசாரணைக் குழு கூப்பிடும். அது முடியற வரைக்கும் உங்க பதிவை நிறுத்தி வைப்பாங்க. நீங்க போட்ட மேற்பார்வைக் கையெழுத்தும் அதுக்குள்ள அடங்கும்." அதிகாரி சிட்டுவைப் பார்க்காமலே சொன்னார். "ஆர்டர் எழுத்துல வர ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் நீங்க உக்காரலாம், சட்டம் தடுக்கல. ஆனா வர்றவங்ககிட்ட விஷயத்தைச் சொல்லிட்டு உக்காருங்க. அவங்களுக்குத் தெரியணும்."

பையை எடுத்துக்கொண்டு எழுந்தவர், எதையோ நினைத்துக்கொண்டு பதிவேட்டின் கடைசிப் பக்கத்தை மறுபடி திறந்தார். மேற்பார்வையாளரின் கையெழுத்துக்குக் கிட்டே கண்ணாடியைக் கொண்டுபோனார்.

"இவர் இப்ப எங்க இருக்கார் தெரியுமா உங்களுக்கு?"

"வெளிநாட்டுல. அதுக்கப்புறம் தொடர்பே இல்ல."

"திரும்பி வந்து ரெண்டு வருஷம் ஆச்சும்மா. விசாரணைக் குழுவுக்கு இப்ப அவர்தான் தலைவர்."

*

அதிகாரி படி இறங்கிப் போனதும் தம்பி வெடித்தான்.

"யாராவது கேட்டாங்களா உன்னை? முத்திரையைக் குத்த இருந்தவங்க கையைப் பிடிச்சு நிறுத்துறியே! நான் எதுக்கு இந்த இடத்தைப் பார்த்துப் பார்த்துக் கட்டினேன்? நீ ஒரு நிமிஷத்துல..." மூச்சு வாங்கினான். "உனக்கு மனசு லேசாகணும். அதுக்கு அவ தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்ட. ஒன்றரை வருஷம்! ஞாயித்துக்கிழமைகூட விடாம அவ உக்காந்து எழுதினது!"

அக்கா தன்னையே கேட்டுக்கொண்டாள். மனசு லேசாக வேண்டும் என்பதற்காகத்தான் சொன்னேனா? அந்தக் கேள்வியை வேறு யாராவது அவள் எதிரில் உட்கார்ந்து கேட்டிருந்தால் நிதானமாகப் பதில் தேடச் சொல்லியிருப்பாள். மனசு லேசாகவும் இல்லை. பல்லைப் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடுவது போல, ஒன்பது நாளாகப் பயந்த அந்தப் பயத்தை மனசு தேடிக்கொண்டே இருந்தது.

"நீங்க கொண்டுவந்த தாள்ல ஐநூறுன்னு இருந்துச்சே," என்றாள் சிட்டு, கணவனிடம். குரல் உயரவில்லை. "அது மட்டும் என் தலையில போட்ட பூவா? என்னைக் கேட்டீங்களா?"

"உனக்காகத்தானே செஞ்சேன்!"

"அண்ணிக்குக் கையெழுத்துப் போட்ட அந்த வாத்தியாரும் அண்ணிக்காகத்தான் செஞ்சாரு."

தம்பி கூடத்துக்குப் போய் நாற்காலி போட்டு ஏறினான். பலகையைக் கழற்றப் போகிறான் என்று நினைத்தார்கள். சிட்டுவின் படத்தையே பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கழற்றினான். ஆணியோடு சுண்ணாம்பும் பெயர்ந்து வந்தது. பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் கீழே இறங்கிப் போனான்.

"சிட்டு," என்றாள் அக்கா. "உன்னை நான் கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா நான் வேண்டாம்னு சொல்லியிருப்பேன் அண்ணி." அவள் கண் கலங்கியிருந்தது. "எனக்கு இப்ப உங்க மேல கோவமாத்தான் இருக்கு. நாளைக்கு என்னவா இருக்கும்னு தெரியல. ஆனா மணி அஞ்சே முக்கால் ஆச்சு. டிரைவர் வந்துடுவாரு."

*

பஸ் டிரைவர் சொன்னால் சொன்ன நேரம். ஆறு அடிக்கும்போது கதவைத் தட்டினார். நாற்பத்தைந்து வயது, அகலமான தோள், மடித்த சட்டைக் கை. அறைக்குள் அக்காவும் இருப்பதைப் பார்த்து ஒரு அடி பின்னால் வைத்தார்.

"மாத்தி வந்துட்டேனா?"

"இல்லண்ணே, சரியாத்தான் வந்திருக்கீங்க," என்றாள் சிட்டு. "உக்காருறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு இருக்கணுமா போகணுமான்னு நீங்க முடிவு பண்ணலாம்."

சொன்னாள். தான் படித்தது இவ்வளவு, படிக்காதது இவ்வளவு. பயிற்சி முடியவில்லை. பலகையில் இருந்த எட்டு வருஷம் சிகிச்சை தந்த எட்டு வருஷம் இல்லை. தொலைபேசியில் புகார் கேட்ட எட்டு வருஷம். பயிற்சியில் இருக்கிறவள் என்பதை முதல் நாளே தன் வாயால் சொல்லாமல் விட்டது தன் தப்பு.

டிரைவரின் தாடை இறுகியது.

"அப்ப இந்தப் பதினோரு வாரமா நான் யாருகிட்ட பேசிட்டிருந்தேன்?"

"என்கிட்டதாண்ணே."

அவர் அக்காவிடம் திரும்பினார். "நீங்க? நீங்களாவது முழுசாப் படிச்சவங்கதானா?"

"படிச்சேன். பட்டம் உண்மை. பயிற்சியில அறுபது மணி நேரம் முடிக்காமலே முடிச்சதா எழுதிக்கிட்டேன்," என்றாள் அக்கா. "இன்னிக்கு சாயங்காலம்தான் அதைக் கவுன்சில்ல சொன்னேன். ஒரு வாரத்துல என்னையும் நிறுத்திடுவாங்க. உங்களுக்கு வேற இடம் வேணும்னா, நல்ல ஆள் ரெண்டு பேர் எனக்குத் தெரியும். இப்பவே ஃபோன் பண்ணித் தர்றேன்."

டிரைவர் கதவுப் பிடியைப் பிடித்தார். திருகவில்லை. ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. கீழே யாரோ வண்டியைப் பின்னால் எடுக்க, அந்தக் 'கீ கீ' சத்தத்தில் அவர் தோள் தூக்கிப் போட்டது.

"நாளைக்குக் காலையில அம்பது பேரு எனக்குப் பின்னாடி உக்காருவாங்க," என்றார் மெதுவாக. "இவன் யாரு, எப்படிப்பட்டவன்னு ஒருத்தர்கூட கேக்க மாட்டாங்க."

கையைப் பிடியிலிருந்து எடுத்தார். வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, தரையைப் பார்த்தார்.

"அந்த ஆள் திடீர்னு குறுக்க வந்துட்டான்னு போலீஸ்ல சொன்னேன். டிப்போவுல சொன்னேன். வீட்டுல சொன்னேன். உங்ககிட்டயும் வாராவாரம் அதையே சொல்லி அழுதேன்."

"ஆமாண்ணே."

"வரலம்மா. அவன் ரோட்டுல இறங்கி நின்னதை நான் தூரத்துலயே பார்த்துட்டேன்."

சிட்டு அக்காவைப் பார்ப்பாள் என்று அக்கா நினைத்தாள். ஒன்றரை வருஷமாக, திகைக்கும் இடத்திலெல்லாம் அப்படித்தான் பார்ப்பாள். நாளைக் காலை முதல் டிரிப். பின்னால் ஐம்பது பேர். ஒரு வாரத்தில் இந்த அறையில் உட்கார இரண்டு பேருக்குமே உரிமை இருக்காது. இதைக் கேட்டுவிட்டு என்ன செய்வது என்று அக்காவுக்கே தெரியவில்லை.

சிட்டு அவள் பக்கம் திரும்பவில்லை. பேனாவைக் கீழே வைத்தாள்.

"பார்த்தீங்க," என்றாள். "பார்த்ததும் கால் எந்தப் பெடல்லண்ணே இருந்துச்சு?"

டிரைவர் தன் வலது காலையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாயைத் திறந்தார்.